பெர்ஸ்பெக்டிவ், காம்போசிஷன்: ஏற்கெனவே வரைந்துகொண்டிருப்பவர் எந்த வழியில் கற்பது?

இது புதிதாகப் பென்சில் பிடிப்பவர்களுக்கு இல்லை. முகம் நன்றாக வரும், நிறம் கைக்குள் இருக்கிறது, ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கவும் செய்கிறீர்கள், ஆனால் முகத்துக்குப் பின்னால் ஒரு வீடோ படிக்கட்டோ வந்துவிட்டால் அந்த இடம் மட்டும் சாய்ந்து நிற்கிறது. அல்லது எல்லாம் அளவாக இருந்தும், வாங்க வந்தவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். முதலாவது பெர்ஸ்பெக்டிவ், அதாவது ஆழத்தையும் தூரத்தையும் தாளில் காட்டுகிற கணக்கு; இரண்டாவது காம்போசிஷன், அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு நடக்கிறது என்றால் தொடர்ந்து படிக்கலாம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்படிப்பட்டவர்கள் நிறைய, அதற்குக் காரணமும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் உருவத்திலிருந்து தொடங்கியவர்கள். சாமி படம், போர்ட்ரெய்ட், போர்டு எழுதுவது, தஞ்சாவூர் ஓவியம், இதில் எதற்கும் தெரு தேவைப்படவில்லை. இப்போது வருகிறவர்கள் கேட்பதோ மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், காகிதப்பூ வழிகிற மதில், தெருக்கோடியில் கொஞ்சம் கடல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கேயே சண்டை போடலாம். பெர்ஸ்பெக்டிவையும் காம்போசிஷனையும் எல்லா வகுப்பிலும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் கொடுக்கிறார்கள், அதை அப்படியே வாங்கக் கூடாது. பெர்ஸ்பெக்டிவில் சரி தப்பு உண்டு, உங்கள் தப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதற்கு உங்கள் தாளின் மேல் கோடு போட்டுக் காட்டுகிற ஆள் வேண்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். காம்போசிஷனுக்கு வாத்தியாரைத் தேடி அலைய வேண்டாம். அதற்கு வேண்டிய பாடப்புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியில் விற்காமல் கிடக்கிற படங்கள்தான்.

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை. எதையும் பார்க்காமல் ஒரு ஏ4 தாளில் ஒரு தெரு வரையுங்கள். ஒரு பக்கம் திண்ணை வைத்த வீடு, அதன் தாழ்வாரத்தில் வரிசையாக நாலைந்து தூண், எதிர்ப்பக்கம் மதில் சுவர், நடுவில் பக்கத்திலும் தூரத்திலுமாக மூன்று பேர், சுவரில் சாய்த்த சைக்கிள், பாதி திறந்த ஜன்னல் கதவு ஒன்று. அழகாக வேண்டாம், கோடு போதும்.

இப்போது பாருங்கள். சமதளமான தெருவில் நீங்கள் நின்று பார்ப்பதாக வரைந்திருந்தால், உங்கள் உயரமே உள்ள பெரியவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர்கள் கண் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வர வேண்டும், தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். தூரத்து ஆளின் தலை கீழே இறங்கியிருந்தால் கண்மட்டம், அதாவது பார்ப்பவரின் கண் உயரத்தில் போகிற கிடைக்கோடு, என்ற விஷயமே இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அடுத்தது ஜன்னல். பாதி திறந்த கதவின் விளிம்புகள் தெரு போகிற வேனிஷிங் பாயின்ட்டுக்கு (இணையான கோடுகள் தூரத்தில் சேருகிற மாதிரி தெரிகிற புள்ளி) போகாது, அந்தக் கதவுக்குத் தனியாக ஒரு பாயின்ட் உண்டு, ஆனால் அதுவும் அதே கண்மட்டக் கோட்டில்தான் உட்காரும். சைக்கிள் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும்போது அதன் குட்டை அச்சு சக்கரத்தின் அச்சாணி போகிற திசையில் இருக்க வேண்டும். தூண்களின் இடைவெளி போகப் போகக் குறைய வேண்டும், அதுவும் குத்துமதிப்பாக இல்லாமல்.

கண்மட்டத்திலேயே தடுமாறினால் உங்களுக்கு ஆள் வேண்டும். கண்மட்டம் சரி, ஜன்னலும் சக்கரமும் தூணும்தான் தப்பு என்றால் புத்தகமோ வீடியோவோ போதும், காசு செலவழிக்க வேண்டாம். எல்லாமே சரியாக வந்து படம் மட்டும் சப்பென்று இருக்கிறது என்றால், தயவுசெய்து பெர்ஸ்பெக்டிவ் வகுப்புப் பக்கமே போகாதீர்கள், உங்கள் வியாதி வேறு.

சரி, வழிகள்.

முதலில் கல்லூரி, இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள், சென்னைக் கல்லூரியின் வேர் 1850 வரை போகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை என்றால் யோசிக்காமல் சேருங்கள், அங்கே கிடைக்கிற கூட்டாளிகளுக்காகவே சேரலாம். ஆனால் குடும்பம், வாடகை, கையில் பாதி முடிந்த ஆர்டர் என்று இருக்கிற ஆள் இரண்டு விஷயம் கற்பதற்காகப் பல வருஷப் பட்டப்படிப்பில் உட்காருவது கட்டுப்படியாகாது. அங்கே படித்து வெளியே வந்தவர்களில் ஒருவரைப் பிடித்து உங்கள் படத்தைக் காட்டுவது கட்டுப்படியாகும். மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போய், யாருடைய கட்டடம் தரையில் உறுதியாக நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தனி ஆசிரியர். இதில்தான் நல்லதும் கெட்டதும் அதிகம் கலந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பெரும்பாலான ஓவிய வகுப்புகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடப்பவை. பெரியவர் ஒருவர் போய் நின்றால் அவரையும் அதே வரிசையில் உட்காரவைத்து கனசதுரம், கூம்பு, உருளை என்று ஆரம்பிப்பார்கள், மூன்று மாதம் நேர்கோடு போடச் சொல்வார்கள். கனசதுரம் தப்பில்லை. ஆனால் உங்கள் தப்பு உங்கள் படத்தில் இருக்கிறது, அவர் கொடுக்கிற கனசதுரத்தில் இல்லை. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "சார், நான் வரைந்ததைக் கொண்டு வந்தால் அதன் மேலேயே டிரேசிங் பேப்பர் வைத்துத் திருத்துவீங்களா?" ஆமாம் என்றால் உட்காருங்கள். "முதல்ல பேசிக் முடிங்க தம்பி, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். மாதக் கட்டணத்தைவிட ஒரு உட்காரலுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது உங்களுக்கும் நல்லது அவருக்கும் நல்லது, ஏனென்றால் நீங்கள் வாரா வாரம் வரப்போவதில்லை, வேலை வந்தால் ஓடிவிடுவீர்கள்.

இதில் ஒரு வகை ஆட்களை நாம் குறைத்து எடை போடுகிறோம். பழைய டிராயிங் மாஸ்டர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதி, பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய வாட்டர்கலர் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், நிறம் எல்லாம் காலண்டர் நிறமாக இருக்கலாம். ஆனால் மாடல் டிராயிங் என்று மேசை மேல் வாளி, பெட்டி, புத்தகம், குடம் வைத்து வருஷக்கணக்கில் வரைந்த கை அது. குடத்தின் வாயும் அடியும் ஏன் ஒரே மாதிரி நீள்வட்டமாக வராது, கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க ஏன் வட்டம் அகலமாகத் திறக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். "சார், இந்த ஜன்னல் ஏன் பிதுங்குது?" என்று கேட்டால், "கண்மட்டம் எங்கடா வச்ச? காட்டு" என்பார்கள். அந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து கேட்கிற ஆள் கிடைத்தால் இரண்டு மாதம் போதும், அதற்கு மேல் அவரிடம் போவது அன்பினால் மட்டும்தான்.

யாரும் யோசிக்காத இன்னொரு வழி இன்ஜினியரிங் பக்கம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர். அண்ணா பல்கலைக்கழகத்தின் முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்தில் பெர்ஸ்பெக்டிவ் புரொஜெக்ஷன் ஒரு பகுதியாக வந்திருக்கிறது. டிராஃப்டர் என்ற கருவியை வைத்துக்கொண்டு பிளானிலிருந்தும் (மேலிருந்து பார்த்த வரைபடம்) எலிவேஷனிலிருந்தும் (நேரே நின்று பார்த்த வரைபடம்) பார்வைக்கோடு இழுத்து ஒரு பட்டகத்தையோ பிரமிடையோ வரைந்து பாஸ் பண்ணிவிட்டு, அடுத்த செமஸ்டரிலேயே மறந்துபோன ஆயிரக்கணக்கான பேர் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களை விடுங்கள். ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் வேலை செய்பவர், ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து அதே தொழிலில் இருப்பவர், இவர்களிடம் போய் உட்காருங்கள். கதவு ஏழடி, படி ஆறு ஏழு அங்குலம், திண்ணை எவ்வளவு உயரம், ஜன்னல் அடி தரையிலிருந்து எங்கே தொடங்குகிறது என்று அளவுகள் அவர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நம் படங்களில் வீடு பொம்மை வீடாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் வேனிஷிங் பாயின்ட் தப்பு இல்லை, கதவுக்கும் ஆளுக்கும் உள்ள விகிதம் தப்பு.

இந்த வழிக்குப் பரம்பரையும் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் இந்தக் கணக்கைக் கண்ணாடி வைத்துக் காட்டிய புரூனெலெஸ்கி ஒரு கட்டடக்காரர், அதை ஓவியர்களுக்குப் புரிகிற மாதிரி 1435இல் எழுதிவைத்த ஆல்பெர்ட்டியும் கட்டடம் கட்டியவர்தான். குறை என்னவென்றால் டிராஃப்ட்ஸ்மேன் படத்தில் உயிர் இருக்காது, எங்கே நின்று பார்ப்பது என்பதை அவர் வசதிக்கு முடிவு செய்வார், படத்தின் தேவைக்கு இல்லை. அதனால் இரண்டு மூன்று உட்காரலுக்கு மேல் வேண்டாம். ஆனால் இன்னும் கட்டி முடிக்காத வீட்டை வரைந்து தரச் சொல்லும் வாடிக்கையாளர், அல்லது ஹோட்டல் சுவரில் உள்ளே ஒரு தெரு நீளுகிற மாதிரி பெரிய மியூரல் கேட்பவர், இந்த மாதிரி வேலை உங்களுக்கு வருகிறது என்றால் இந்த இரண்டு மூன்று உட்காரலுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. பிளானைப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

ஆன்லைன். விளக்கம் வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, அதுவும் இலவசமாக. டிராபாக்ஸ் (Drawabox) என்ற தளத்தில் 250 பெட்டி வரைகிற பயிற்சி ஒன்று இருக்கிறது: பெட்டியைக் கையாலேயே வரைந்துவிட்டு, அப்புறம் அதன் விளிம்புகளை நீட்டிப் பார்த்து, கோடுகள் ஒன்றை ஒன்று நோக்கிச் சேருகிறதா விலகுகிறதா என்று நீங்களே பார்ப்பது. சலிப்பூட்டும். ஆனால் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கிற வழி ஆன்லைனில் அரிது, அதனால் இதைச் சொல்கிறேன். யூடியூபில் ஒரு பாயின்ட், இரண்டு பாயின்ட், மூன்று பாயின்ட் என்று வேனிஷிங் பாயின்ட் எண்ணிக்கை வாரியாகப் பார்த்துக்கொண்டே போகலாம், புரிந்த மாதிரியே இருக்கும், கையில் ஒன்றும் நிற்காது. காசு கொடுத்து வாங்கும் கோர்ஸ்களில் உங்கள் படத்தைத் திருத்தித் தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். திருத்தம் இல்லாத கோர்ஸுக்குக் கொடுக்கிற காசு யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதற்குக் கொடுக்கிற காசு. இன்னொன்று, அந்தப் பாடங்களில் வருகிற தெரு நம் தெரு இல்லை. சரிந்த ஓட்டுக்கூரையும் செங்கல் சந்தும் வரையக் கற்றுக்கொண்டு கோபுரத்தின் முன்னால் போய் நின்றால் கை ஓடாது.

புத்தகம் பற்றி ஒரு வரி: ஏற்கெனவே கோடு கையில் இருப்பவருக்கு மெல்லிய புத்தகம் ஒன்று போதும், தடித்த புத்தகம் அலமாரிக்கு.

இனி நேரில் போய் வரைவது. 2007இல் காப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்று, ஊரை நேரில் பார்த்து வரைகிறவர்களின் குழு ஒன்றைத் தொடங்கியதற்கு அப்புறம் ஊர் ஊராக இது பெரிய விஷயமாகிவிட்டது, ஆனால் நமக்கு இது புதிதில்லை, ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்த கோடுகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். கற்கும் வழியாக இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை: எங்கே போய் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் என்ன கற்பீர்கள் என்பது.

பாண்டியின் வெள்ளைக்காரர் பகுதி பெர்ஸ்பெக்டிவ் கற்பதற்கென்றே போட்டுவைத்த மாதிரி ஊர். துமாஸ் வீதி, ரோமன் ரோலந்து வீதி எல்லாம் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக நேராக ஓடுகின்றன, அங்கே ஒரு பாயின்ட் பெர்ஸ்பெக்டிவே போதும். ஆனால் நான் அனுப்புவது குறுக்குத் தெருக்களுக்கு. லால் பகதூர் சாஸ்திரி வீதி, அதாவது பழைய புஸ்ஸி வீதி, கிழக்கே கடலுக்குப் போகிறது. கடலை நெருங்கும் இடத்தில் தெருவின் நடுவை ஒட்டி நின்று பாருங்கள். எதிரே கடல் வானத்தைத் தொடுகிற கோடு தெரியும், அதுதான் உங்கள் கண்மட்டம், கற்பனைக் கோடு இல்லை, கண்ணால் பார்க்கிற கோடு. இரண்டு பக்கமும் மதில் மேல் விளிம்பு இறங்கி, நடைபாதை விளிம்பு ஏறி, எல்லாம் அந்தக் கோட்டில் ஒரு இடத்தை நோக்கிப் போகும். அப்படியே குந்தி உட்காருங்கள். கடல் கோடும் உங்களோடு இறங்கும், எதிரே வருகிறவர்களின் தலை எல்லாம் அதற்கு மேலே போய்விடும். ஒரு வகுப்பறையில் ஒரு மாதம் சொன்னாலும் ஏறாத விஷயம் இது. கடலூர்க்காரர்கள் இதற்காகப் பஸ் ஏற வேண்டாம், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று ஒரு முறை, மணலில் உட்கார்ந்து ஒரு முறை, நடந்து போகிறவர்களை வரைந்தால் இதே பாடம்தான்.

ஆனால் வெள்ளைக்காரர் பகுதியிலேயே நின்றுவிட்டால் ஒரே மாதிரி படம்தான் வரும், பாண்டியில் விற்கிற பாதிப் படம் அப்படித்தான் இருக்கிறது. பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வாருங்கள். வைசியாள் வீதி மாதிரி இடத்தில் திண்ணையும் தாழ்வாரத் தூண்களும் வரிசையாக வரும், தூண் இடைவெளியை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியிலிருந்து அங்கே தப்பிக்கவே முடியாது. குறுக்குக்கோடு முறை ஒன்று இருக்கிறது: முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாவது தூணின் நட்டநடு வழியாகக் கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடுகிற இடத்தில் மூன்றாவது தூணின் கால். அவ்வளவுதான், அளவுகோல் வேண்டாம்.

கோபுரம் அடுத்த படி. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை எதிர்த்தெருவிலிருந்து மூலைப் பார்வையில் வரைந்து பாருங்கள். கோபுரம் தானாகவே மேலே போகப் போகக் குறுகுகிறது, அதோடு நிலைகளின் கிடைக்கோடுகள் கண்மட்டத்தை நோக்கிச் சரிகின்றன. மேல் நிலைக்குப் போகப் போகச் சரிவு கூட வேண்டும். பெரும்பாலோர் எல்லா நிலையையும் ஒன்றுக்கொன்று இணையாக வரைந்துவிடுவதால்தான் கோபுரம் அட்டையில் வெட்டி நிறுத்திய மாதிரி தெரிகிறது. சிலைகளை வரைய ஆரம்பிக்காதீர்கள், நிலைகளை மட்டும் பெட்டி பெட்டியாக அடுக்குங்கள்.

படகு இதற்கும் மேலே. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகிலும் ஃபைபர் படகிலும் நேர்கோடே கிடையாது, எந்த வேனிஷிங் பாயின்ட்டைப் பிடிப்பது? முதலில் படகு அடங்குகிற பெட்டியைப் பெர்ஸ்பெக்டிவில் போட்டு, அதன் நடுக்கோட்டைப் பிடித்து, அதன் மேல் எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டு, அதில் ஒரு பாதியைப் படகின் விளிம்பாக எடுத்துக்கொள்வது பழைய வித்தை. அதுவும் அலையில் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் ஆடி நிற்கிற இரண்டு எல்லைக்கும் நடுவில் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும். படகு வரைய வந்துவிட்டால் அப்புறம் தெரு எல்லாம் ஓய்வு.

நேரில் வரைவதற்கு ஒரு கருவியை மட்டும் சிபாரிசு செய்வேன். கட்டம் போட்ட சட்டம். வான்கோ 1882இல் ஹேக் நகரத்தில் இருந்தபோது, கடற்கரையிலும் வயலிலும் நட்டுவைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சட்டத்தைக் கொல்லரிடமும் தச்சரிடமும் சொல்லிச் செய்துகொண்டார், தம்பிக்குக் கடிதத்தில் படமும் போட்டு அனுப்பினார். பேனர் வரைந்தவர்களுக்குக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது தெரிந்த வேலைதான், அதையே எதிரில் இருக்கிற தெருவின் மேல் போடுகிறீர்கள், அவ்வளவே.

போனில் போட்டோ எடுத்து வீட்டில் வரைவது நேரில் வரைவதற்குச் சமமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. போனின் மெயின் கேமரா அகலமான லென்ஸ், வெள்ளைக்காரர் பகுதித் தெருக்களில் பின்னால் போய் நிற்க இடமும் இருக்காது, அதனால் படத்தின் ஓரத்தில் இருக்கும் எல்லாம் இழுபட்டு மதில் விளிம்பு செங்குத்தாக விழுகிற மாதிரி வரும். கண் வசதியாகப் பார்க்கிற பரப்பு ஏறக்குறைய 60 டிகிரிக்குள் என்று வைத்துக்கொண்டுதான் பெர்ஸ்பெக்டிவ் பாடமே போகிறது. போட்டோதான் வழி என்றால் 2எக்ஸ் வைத்து, முடிந்தவரை தள்ளி நின்று எடுங்கள்.

சாஃப்ட்வேர் பற்றியும் கேட்கிறார்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் இலவசம், அதில் பெட்டி பெட்டியாகத் தெரு கட்டி கேமராவை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வரைகிற மென்பொருள்களான கிரிட்டாவிலும் புரோகிரியேட்டிலும் வேனிஷிங் பாயின்ட்டுக்கு வழிகாட்டிக் கோடு வரும். காமிக்ஸ், கதைப் படம் என்று தேதி வைத்து வேலை செய்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும், ஒரே அறையை இருபது கோணத்தில் வரைய வேண்டியவர் அதைக் கையால்தான் செய்வேன் என்பது வீண் பிடிவாதம். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் மட்டும் வேண்டாம், கோடு தானாக ஒட்டிக்கொள்ளும்போது கண் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இப்போது காம்போசிஷன். இங்கே என் பேச்சு கொஞ்சம் நீளும்.

போட்டோகிராபி வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு விதி, வழிநடத்தும் கோடு, சட்டத்துக்குள் சட்டம் என்று சொல்லித் தருவார்கள். ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. ஆனால் போட்டோக்காரர் இருப்பதில் எதைச் சேர்ப்பது என்று பார்க்கிறார், நாம் எதை எடுத்துவிடுவது என்று பார்க்கிறோம். நேரு வீதியை வரைகிறீர்கள், கேபிள் ஒயர், ஃபிளெக்ஸ் போர்டு, நூறு டூவீலர். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அது நேரு வீதி இல்லை, எல்லாவற்றையும் வைத்தால் படம் இல்லை. எதை வைப்பது என்று எந்த விதியும் சொல்லாது.

பழைய படங்களைப் பார்த்துக் கற்பது இன்னொரு வழி. அதில் நம் பக்கத்துப் படங்களை விட்டுவிடாதீர்கள். சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தைப் பாருங்கள், 9ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். குளம் மேலிருந்து பார்த்த மாதிரி விரிந்திருக்கிறது, மீனும் யானையும் பூப்பறிக்கும் ஆளும் பக்கவாட்டில் தெரிகிறார்கள், வேனிஷிங் பாயின்ட் என்று ஒன்றுமே இல்லை. கண் எங்கும் முட்டிக்கொள்ளாமல் ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பெர்ஸ்பெக்டிவ் முடித்துவிட்டுத்தான் காம்போசிஷனுக்கு வர வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

தஞ்சாவூர் ஓவியப் பயிற்சியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நடுவில் பெரிய மூர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகச் சின்ன உருவங்கள், மேலே வளைவு. பல வருஷம் அப்படியே செய்த கை தெருவை வரையும்போதும் வாசல் கதவைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒரு மரம் நட்டுவிடும். இவர்களுக்கு வேண்டியது சமமில்லாத சமநிலை: ஒரு பக்கம் பெரிய நிழல், மறுபக்கம் சின்னதாக ஒரு சிவப்புக் குடை. போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்கு நேர் எதிர். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கிற மாதிரி பெரிய வடிவம் போட்டுப் பழகியவர்கள், காம்போசிஷனில் தாங்கள் நினைப்பதைவிட நன்றாகத் தேறியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தைப் படத்துக்குள் கொண்டுவரத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஆள் வேறு வேறு மருந்து என்பதால்தான் பொதுவான வகுப்பு வேண்டாம் என்கிறேன். விற்காத படங்களில் பத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். அட்டையில் ப வடிவத்தைப் பாதியாக வெட்டிய மாதிரி இரண்டு எல் துண்டு வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் மேலும் நகர்த்தி நகர்த்திச் சட்டத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் வெட்டினால் படம் திடீரென்று நிமிர்கிறது என்று தெரியும், பெரும்பாலும் மேலே உள்ள வானத்திலும் கீழே உள்ள ரோட்டிலும் பாதி போய்விடும். அடுத்து, அதே படங்களைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சிக்கல் நிறத்திலோ கோட்டிலோ இல்லை, டோனில், அதாவது வெளிச்சம் இருட்டின் அளவில். நம் ஊர் மதிய வெயிலில் வெள்ளைச் சுவரும் வெள்ளை வானமும் ஒன்றாகக் கலந்துவிடும், கடற்கரைச் சாலைக் கட்டடங்களின் முகப்பு கிழக்கே பார்த்திருப்பதால் காலையில்தான் அவற்றுக்கு வெளிச்சம், பிற்பகலில் முகம் முழுக்க நிழல். எந்த நேரத்தில் போவது என்பதே காம்போசிஷன் முடிவுதான்.

புதிய படத்துக்கு முன் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு தம்ப்நெயில், கறுப்பு, நடுச்சாம்பல், வெள்ளை என்று மூன்றே டோன், விவரம் ஒன்றும் கூடாது. கண்மட்டத்தை ஒவ்வொன்றிலும் மாற்றுங்கள்: திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால், தெருவில் நின்றால், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால். பெர்ஸ்பெக்டிவும் காம்போசிஷனும் சந்திக்கிற ஒரே இடம் இதுதான், கண்மட்டத்தை எங்கே வைப்பது. அதனால்தான் கண்மட்டம் மட்டும் தெரிந்ததும் காம்போசிஷனைத் தொடங்கிவிடலாம் என்கிறேன், மூன்று பாயின்ட் எல்லாம் பிறகு வரட்டும்.

நண்பர்கள் கூடி ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது உதவும், "சூப்பர்டா" என்று சொல்கிறவர்கள் இல்லாத பட்சத்தில். ஒரே கேள்வி போதும்: முதலில் உன் கண் எங்கே போச்சு? நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்றால் விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியரே இல்லாத ஆள் இதற்கு இன்னும் பொருத்தம், டீக்கடை அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, யாரானாலும்.

யார் எதை எடுப்பது? சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டர்கலர் தெருக்காட்சி விற்பவர் பழைய டிராயிங் மாஸ்டரிடம் கொஞ்ச நாள், மற்றபடி காலை நேரம் முழுக்கத் தெருவில். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி வராது என்பதால் விடிந்ததும் நிம்மதியாக உட்காரலாம். மியூரல் போடுபவர் ஆர்க்கிடெக்ட் அல்லது டிராஃப்ட்ஸ்மேனிடம் இரண்டு மூன்று உட்காரல், பிளெண்டரும் சேர்த்து, ஏனென்றால் சுவரின் முன்னால் ஆள் எங்கே நின்று பார்ப்பார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய வேலை அது. கதைப்படம் வரைபவர் டிராபாக்ஸும் தம்ப்நெயிலும். தஞ்சாவூர் ஓவியம் செய்பவருக்குப் பெர்ஸ்பெக்டிவ் அவசரமே இல்லை, எல் அட்டையோடு ஆரம்பிக்கட்டும். கடலூரில் இருப்பவர் வகுப்புக்காக வாரா வாரம் பாண்டிக்கு அலைவதைவிட மாதம் ஒரு முறை திருத்த மட்டும் போய்வரலாம், படகும் கோபுரமும் கடலும் உள்ளூரிலேயே இருக்கின்றன.

மேலே சொன்ன கட்டம் போட்ட சட்டத்தைச் செய்யத் தச்சரைத் தேட வேண்டாம். அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்கிற கடையில் வெட்டி மிச்சமான துண்டுகள் கிடக்கும், ஏ4 அளவில் தெளிவான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கையைக் கிழிக்கும். சிடி மார்க்கரால் கட்டம் போட்டு, கையை முழுதாக நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதனால் ஒரு நூலைத் துண்டில் கட்டி மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டால் தூரம் மாறாது.